காந்தத் துளைக்குள் அடங்கிய குழந்தைகள்

1980களின் தொடக்கத்தில் லண்டன் யூனிவர்சிட்டி கொலிஜ் ஆஸ்பத்திரியில் ஒரு காந்தம் இருந்தது. அதன் நடுத்துளை கிட்டத்தட்ட 20 சென்ரிமீற்றர் அகலம்தான். வளர்ந்த ஒருவரின் கையை உள்ளே விடலாம், தலையை விட ஏலாது. ஆனால் ஒரு பச்சைக்குழந்தை முழுதாகவே உள்ளே போகும்.

மண்டையைத் திறக்காமல், ஊசி குத்தாமல் மனித மூளையின் வேதியியலைப் பார்க்கலாம் என்று வந்த காலத்தில், முதலில் பார்க்கப்பட்ட மூளைகளில் பிறந்து சில நாளேயான குழந்தைகளின் மூளைகளும் இருந்தன. விஞ்ஞான வரலாற்றை நாங்கள் பெரும்பாலும் பெரிய மூளைக்காரரின் பெரிய யோசனைகளாகத்தான் படிக்கிறோம். இந்த இடத்தில் துளையின் அளவுக்கும் ஒரு பங்கு உண்டு.

இன்னொரு பங்கு ஒஸ்மண்ட் ரெனால்ட்ஸ் என்ற குழந்தை வைத்தியருக்கு. அவர் முதலில் வேலை செய்தது மூளையில் இல்லை, நுரையீரலில். குறைமாதத்தில் பிறக்கும் குழந்தையின் நுரையீரல் விரிந்து நிற்பதற்குத் தேவையான வழுக்குப் பொருளை இன்னும் போதியளவு சுரக்கத் தொடங்கியிருக்காது. ஒவ்வொரு மூச்சுக்கும் அது ஒட்டிக்கொள்ளும். 1963 ஆகஸ்டில் அமெரிக்க ஜனாதிபதி கென்னடியின் மகன் பற்றிக் ஐந்தரைக் கிழமை முந்திப் பிறந்து, இரண்டு நாள்கூட ஆகமுதல் இறந்தது இந்த நோயால்தான். ஜனாதிபதி வீட்டுப் பிள்ளைக்கே அவ்வளவுதான் செய்ய முடிந்த காலம் அது. அதற்குப் பிறகு வந்த பத்துப் பதினைந்து வருடங்களில் செயற்கைச் சுவாசம் மெல்ல மெல்லச் சரிப்பட்டு வந்தது. சுவாசக்கருவியின் அழுத்தத்தையும் நேரத்தையும் எப்படி அமைத்தால் அந்தச் சின்ன நுரையீரல் கிழியாமல் இருக்கும் என்று கண்டுபிடித்தவர்களில் ரெனால்ட்ஸ் முக்கியமானவர்.

பிள்ளைகள் பிழைக்கத் தொடங்கினார்கள். உடனே அடுத்த கேள்வி வந்தது: பிழைத்தவர்களின் மூளைக்கு என்ன நடந்திருக்கிறது?

1970களின் கடைசியில் அதே ஆஸ்பத்திரியில் உச்சிக்குழி வழியாக அல்ட்ராசவுண்ட் பிடித்துப் பார்த்தார்கள். இரத்தக் கசிவு தெரிந்தது, விரிந்துபோன அறைகள் தெரிந்தன. ஆனால் படம் என்பது நடந்து முடிந்ததைத்தான் காட்டும். வீடு எரிந்த பிறகு சாம்பலைப் படம் எடுக்கிற மாதிரி. எரிந்துகொண்டிருக்கும்போது உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க வேறொரு வழி வேண்டியிருந்தது.

அந்த வழி பௌதிகவியலில் இருந்து வந்தது, அதுவும் யாரும் கேட்காமல். 1946இல் ஸ்டான்ஃபோர்டில் பீலிக்ஸ் புளொக்கும் ஹாவார்டில் எட்வேட் பர்செலும் தனித்தனியாக ஒன்றைக் கண்டார்கள். சில அணுக்களின் கருக்கள் காந்தப்புலத்துக்குள் வைக்கப்பட்டால் ஒரு குறிப்பிட்ட வானொலி அலைவரிசைக்கு மட்டும் பதில் சொல்கின்றன. அவர்களுக்கு வேண்டியிருந்தது கருவின் காந்தப் பண்பைத் துல்லியமாக அளப்பது. 1950இல் புரொக்டர், யூ என்ற இரண்டு பேர் அமோனியம் நைத்திரேற்றில் நைதரசனை அளக்கப்போனார்கள். ஒரு கோடு வரவேண்டிய இடத்தில் இரண்டு கோடு வந்தது. ஒரே நைதரசன்தான், ஆனால் அமோனியத்துக்குள் இருக்கும்போது ஒரு அலைவரிசை, நைத்திரேற்றுக்குள் இருக்கும்போது சற்றே தள்ளி இன்னொன்று. சுற்றியிருக்கும் இலத்திரன்கள் கருவை வெவ்வேறு அளவில் மறைப்பதுதான் காரணம். பௌதிகவியலாளருக்கு இது தொல்லையாகப்பட்டது. அவர்கள் கருவை அளக்க வந்தவர்கள், வேதியியல் குறுக்கே வந்து நின்றது. அந்தத் தொல்லையில்தான் நாங்கள் சொல்லப்போகிற கதை முழுக்க நிற்கிறது. ஒரு அணு எந்த மூலக்கூறுக்குள் இருக்கிறது என்பதை அந்த மூலக்கூறைத் தொடாமலே கேட்டு அறியலாம் என்பதே அதன் பொருள்.

இன்றைக்கு எம்.ஆர்.ஐ. என்றால் எல்லோருக்கும் தெரியும். அது உடலில் உள்ள நீரின் ஐதரசன் எங்கே எவ்வளவு இருக்கிறது, எப்படி நடந்துகொள்கிறது என்பதைப் படமாக்குகிறது. நாங்கள் பேசும் காந்த ஒத்திசைவு நிறமாலையியல் அதன் உடன்பிறப்பு, வயதில் மூத்தது. அது தருவது படம் இல்லை. மேடும் பள்ளமுமாக ஒரு கோடு, ஒவ்வொரு மேடும் ஒரு மூலக்கூறு. (எம்.ஆர்.ஐ.யின் பெயரில் ஒரு காலத்தில் 'அணுக்கரு' என்ற சொல்லும் இருந்தது. நோயாளிகள் பயப்படுகிறார்கள் என்று அதை எடுத்துவிட்டார்கள். கதிரியக்கம் எதுவும் இதில் இல்லை.)

1974இல் ஒக்ஸ்ஃபோர்டில் ஜோர்ஜ் ராடாவும் கூட்டாளிகளும் ஒரு எலியின் கால் தசையில் இருந்து பொசுபரசின் கோட்டை எடுத்தார்கள். அதே காலத்தில் யூனிவர்சிட்டி கொலிஜில் டக்ளஸ் வில்கியும் ஜோன் டோசனும் தவளைத் தசை களைப்படையும்போது என்ன நடக்கிறது என்று இதே முறையால் ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். வில்கி தசை உடற்றொழிலியலாளர், குழந்தைகளுக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை. ஆனால் ரெனால்ட்ஸ் வேலை செய்த ஆஸ்பத்திரி பக்கத்தில்தான் இருந்தது. தவளையில் இருந்து குழந்தைக்கு வந்த பாதை இவ்வளவு குறுகியது.

பொசுபரசு ஏன் என்று உயர்தரத்தில் உயிரியல் படித்தவர்களுக்கு விளங்கும். கலத்தின் சக்திக் கணக்கு முழுக்கப் பொசுபரசில்தான் எழுதப்படுகிறது. ஏ.ரி.பி. என்பது கையில் உள்ள காசு. பொசுபோகிரியற்றின் என்பது அவசரத்துக்கு உடைக்கிற உண்டியல். காசு செலவானதும் மிஞ்சுகிற சில்லறை அசேதனப் பொசுபேற்று. மூளைக்கு ஒட்சிசன் குறைந்தால் முதலில் ஏ.ரி.பி. குறையாது. உண்டியலை உடைத்து அதை நிரப்பிக்கொண்டே இருக்கும். அதனால் உண்டியலுக்கும் சில்லறைக்கும் உள்ள விகிதத்தைப் பார்த்தால், வீடு நொடிந்துபோக முன்னமே விஷயம் தெரிந்துவிடும். ஏ.ரி.பி.யே இறங்கிவிட்டது என்றால் நிலைமை மிக மோசம்.

செய்முறை லேசானது இல்லை. குழந்தையின் தலையோடு ஒட்டி ஒரு சிறிய கம்பிச் சுருளை வைக்கவேண்டும். சுவாசக்கருவி, வெப்பமூட்டி, இதயத் துடிப்பைக் காட்டும் கருவி என்று குழந்தையோடு சேர்ந்து போகிற ஒவ்வொன்றிலும் இரும்பு இருக்கக்கூடாது. இருந்தால் காந்தம் இழுத்துக்கொள்ளும். தீவிர சிகிச்சையில் இருக்கிற குழந்தையை அந்தத் துளைக்குள் வைத்து, வெப்பம் குறையாமல், மூச்சு நிற்காமல் பார்த்துக்கொண்டு சமிக்ஞை சேரும் மட்டும் காத்திருக்கவேண்டும். டேவிட் டெல்பி போன்ற மருத்துவப் பௌதிகவியலாளரும் ஏர்னஸ்ட் கேடியும் இல்லாமல் இது நடந்திராது. கட்டுரைகளில் இந்தப் பகுதி இரண்டு வரியில் முடிந்துவிடும். எங்களுக்கு அந்த இரண்டு வரிதான் அதிகம் பிடித்திருக்கிறது.

முதல் கட்டுரை 1983இல் லான்செட் இதழில் வந்தது. அதைவிடப் பெரிய விஷயம் 1984இல், பீற்றர் ஹோப் முதல் பெயராக உள்ள கட்டுரையில் இருக்கிறது. பிறக்கும்போது மூச்சுத்திணறிய குழந்தைகளின் மூளையை நாள்தோறும் அளந்தார்கள். எல்லோரும் எதிர்பார்த்தது என்ன? திணறல் நடந்த உடனே சக்தி குறைந்திருக்கும், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தேறும். கண்டது நேர்மாறு. முதல் நாளில் பல குழந்தைகளின் விகிதம் ஏறத்தாழ வழமையாகவே இருந்தது. அதற்குப் பிறகுதான், ஒட்சிசன் போய்க்கொண்டிருக்க, இரத்த அழுத்தம் சரியாக இருக்க, அடுத்தடுத்த நாட்களில் உண்டியல் வெறுமையாகத் தொடங்கியது. மிக ஆழமாக இறங்கியவர்களில் பலர் இறந்தார்கள், அல்லது கடும் பாதிப்போடு வளர்ந்தார்கள்.

அதாவது மூளை திணறிய அந்த நிமிடத்திலேயே எல்லாம் முடிந்துவிடவில்லை. கலங்கள் ஒருமுறை தேறி, பல மணித்தியாலம் கழித்து இரண்டாம் முறை விழுகின்றன. இதற்கு இரண்டாம்நிலைச் சக்தி வீழ்ச்சி என்று பெயர் வந்தது. பெயரைவிட முக்கியம் இரண்டு வீழ்ச்சிக்கும் நடுவில் இருக்கிற இடைவெளி. 'நடந்தது நடந்துபோச்சு' என்று வைத்தியர்கள் கையை விரித்த இடத்தில் சில மணித்தியாலங்கள் கிடைத்தன. அந்த நேரத்தில் என்ன செய்வது என்று மட்டும் அப்போது யாருக்கும் தெரியாது. பல வருடங்களுக்கு இந்த அளவீடு, எந்தப் பிள்ளை தேறாது என்று முன்கூட்டிச் சொல்லும் கருவியாக மட்டுமே இருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு தாய் தகப்பனோடு கதைப்பது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

விடை குளிரில் இருந்தது. ஆனால் குளிர் என்றாலே குழந்தை வைத்தியர்களுக்குப் பயம், அந்தப் பயம் வந்ததும் குறைமாதக் குழந்தைகளிடமிருந்துதான். 1958இல் நியூயோர்க்கில் வில்லியம் சில்வர்மன் ஒரு சோதனை செய்தார். சற்றுக் கூடிய வெப்பத்தில் வைத்த இன்கியூபேட்டர்களில் இருந்த குறைமாதக் குழந்தைகள் தெளிவாகவே அதிகம் பிழைத்தன. அன்றிலிருந்து 'பிள்ளையைக் குளிர விடாதே' என்பது பிரிவுகளின் முதல் சட்டம். அந்தச் சட்டம் சரியானது. இன்றைக்கும் அது கோடிக்கணக்கான பிள்ளைகளைக் காப்பாற்றுகிறது. அதனால்தான் குளிரை மருந்தாக முன்வைக்க ரெனால்ட்ஸின் குழுவுக்கும் மற்றவர்களுக்கும் வலுவான ஆதாரம் வேண்டியிருந்தது.

1994இல் லண்டன் குழு பன்றிக்குட்டிகளில் அதே இரண்டாம் வீழ்ச்சியைக் காந்தத்துக்குள் உருவாக்கிக் காட்டியது. 1995இல் மரியான் தோரெசன் முதல் பெயராக வந்த கட்டுரையில், திணறலுக்குப் பிறகு பன்றிக்குட்டியின் உடல் வெப்பத்தைச் சில பாகை குறைத்தபோது அந்த இரண்டாம் வீழ்ச்சி பெருமளவு தணிந்தது. நியூசிலாந்தில் அலிஸ்டர் கன்னும் பீற்றர் குளுக்மனும் கருவிலுள்ள செம்மறிக்குட்டிகளில் வேறு வழியாக அதே இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். 2005இல் இரண்டு பெரிய சோதனைகளின் முடிவுகள் வெளிவந்தன. 2009இல் 325 குழந்தைகளோடு டோபி சோதனை வந்தது. அதை நடத்திய டெனிஸ் அசோபார்டி 1980களில் ரெனால்ட்ஸின் காந்தத்தோடு வேலை செய்தவர். பிறந்து 6 மணித்தியாலத்துக்குள் தொடங்கி, 72 மணித்தியாலம், உடல் வெப்பத்தை 33, 34 பாகை அளவுக்கு இறக்கி வைத்திருப்பது பணக்கார நாடுகளில் வழமையான சிகிச்சையாயிற்று.

இந்தக் கதையைப் பொதுவாக இவ்விடத்தில் நிறுத்திக் கைதட்டுவார்கள். நாங்கள் நிறுத்தாமல் போவதற்குக் காரணம், இந்தச் சோதனைகள் எல்லாம் நிறைமாதத்தை ஒட்டிப் பிறந்த குழந்தைகளுக்கானவை. யாருடைய நுரையீரலைக் காப்பாற்றி இந்தக் கேள்வி தொடங்கியதோ அந்தக் குறைமாதப் பிள்ளைகள் வெளியில்.

அவர்களின் மூளை இன்னொரு விதமான கேள்வி. அதற்குப் பொசுபரசு போதவில்லை, ஐதரசனின் கோடு வேண்டும். ஐதரசனின் சிக்கல் நீர். மூளையில் நீர்தான் பெரும்பங்கு, குறைமாத மூளையில் இன்னும் கூட. மற்ற மூலக்கூறுகளின் சமிக்ஞையைவிட நீரின் சமிக்ஞை பல்லாயிரம் மடங்கு. கோயில் திருவிழா லவுட்ஸ்பீக்கருக்குப் பக்கத்தில நிண்டுகொண்டு, காதுக்குள்ள கதைக்கிற ஆளைக் கேட்கிற மாதிரி. நீரை அமுக்கி, மூளைக்குள் சீனிக்கட்டி அளவான ஒரு பெட்டியை மட்டும் தெரிந்தெடுத்துக் கேட்கும் முறைகள் 1980களின் பின்பாதியில்தான் பழக்கத்துக்கு வந்தன. 1991இல் சுவிற்சர்லாந்தில் பேட்ரா ஹூப்பியும் கூட்டாளிகளும் குறைமாதக் குழந்தைகளிலும் நிறைமாதக் குழந்தைகளிலும் இந்தக் கோடுகளை எடுத்து ஒப்பிட்டார்கள்.

அதில் முக்கியமான மேடு என்-அசற்றைல் அஸ்பாட்டேற்று, சுருக்கமாக என்.ஏ.ஏ. மூளையில் இது பெரும்பாலும் நரம்புக் கலங்களில் இருப்பது. வளர்ந்தவரின் கோட்டில் இதுதான் மிக உயரம். குறைமாதப் பிள்ளையில் சின்ன மேடு, கிழமை ஏற ஏற உயரும். கலச்சவ்வுகளின் கட்டுமானத்தோடு தொடர்புள்ள கோலின் இதற்கு எதிர்மாறு, தொடக்கத்தில் உயரமாக இருந்து பிறகு தணியும். பொசுபரசுக் கோட்டிலும் இப்படித்தான், உண்டியலுக்கும் சில்லறைக்கும் உள்ள விகிதம் கிழமையோடு ஏறுகிறது. நிறைமாதப் பிள்ளையில் பார்த்தால் பயப்படவேண்டிய இலத்திக்கமிலம், வேறு பிரச்சினை இல்லாத குறைமாதப் பிள்ளையிலும் கொஞ்சம் தெரியலாம்.

இதன் விளைவு பாரதூரமானது. 28 கிழமையில் பிறந்த பிள்ளையின் கோட்டை 40 கிழமைப் பிள்ளையின் அளவுகோலால் வாசித்தால், சேதமே இல்லாத மூளையைச் சேதமடைந்தது என்று சொல்லிவிடலாம். வயதைச் சரியாகப் போடாமல் எடுத்த அளவீட்டுக்கு அர்த்தமே இல்லை. அப்போ 30 கிழமை மூளைக்கு 'வழமை' எது? 30 கிழமையில் வழமையாக இருக்கிற மூளை தாயின் வயிற்றுக்குள் இருக்கிறது. இன்கியூபேட்டரில் இருக்கிற பிள்ளை எவ்வளவு சுகமாக இருந்தாலும் அது மூச்சு விடுகிறது, பால் செரிக்கிறது, ஒளியும் சத்தமும் ஊசியும் அறிகிறது. 1990களில் நெதர்லாந்தில் அரென்ட் ஹேர்ஷாப்பும் கூட்டாளிகளும் தாயின் வயிற்றுக்குள் இருக்கும் சிசுவின் மூளையில் இருந்தே ஐதரசன் கோட்டை எடுத்துக் காட்டினார்கள். சிசு அசையும், தாய் மூச்சு விடுவாள், அதனால் அது சுலபமான அளவீடு ஆகவில்லை.

லொஸ் ஏஞ்சலிஸில் ஸ்டெஃபான் புளுமலின் குழு எதிர்ப்பக்கத்தால் போனது. காந்தத்துக்குள்ளேயே போகக்கூடிய, சமிக்ஞைச் சுருள் பொருத்திய ஒரு இன்கியூபேட்டரை 2004இல் அறிவித்தார்கள். பிள்ளையை இன்கியூபேட்டரில் இருந்து எடுக்காமல் அப்படியே உள்ளே தள்ளலாம். பத்து வருடம் கழித்து அதே குழு வெளியிட்ட ஆய்வு எங்களைக் கொஞ்ச நேரம் பேசாமல் வைத்தது. எம்.ஆர்.ஐ. படத்தில் எந்தக் காயமும் இல்லாத குறைமாதப் பிள்ளைகளைத்தான் எடுத்தார்கள். படம் சுத்தம். ஆனால் மூளையின் வெண்பொருளில் வேதியியல் முதிர்ச்சி நிறைமாதப் பிள்ளைகளின் பாதையில் போகவில்லை. சாம்பல்பொருளில் அப்படி வித்தியாசம் தெரியவில்லை. இரண்டும் ஒத்துப்போகவேண்டிய தாளம் குழம்பியிருந்தது.

வெண்பொருள் என்பது நரம்பிழைகளும் அவற்றைச் சுற்றும் மயலின் உறையும். உறையைக் கட்டப்போகிற கலங்கள் 24 முதல் 32 கிழமை வரையான காலத்தில்தான் இன்னும் முதிராமல், ஒட்சிசன் குறைவுக்கும் அழற்சிக்கும் மிக எளிதில் அடிபடக்கூடியனவாக இருக்கின்றன. குறைமாதத்தில் பிறந்து பெரிய குறை எதுவும் இல்லாமல் வளர்ந்த சில பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் கவனம் பிடிக்கக் கஷ்டப்படுவதை, எழுத்தும் கணக்கும் பிந்துவதை ஆசிரியர்களும் அம்மாக்களும் கண்டிருக்கிறார்கள். 'படத்தில ஒண்டும் இல்லை, பிள்ளை கவனிக்குதில்லை' என்ற பேச்சுக்கு அடியில் இப்படி ஒன்று இருக்கக்கூடும் என்பதுதான் அந்தக் கோடு தரும் செய்தி. இதற்குச் சிகிச்சை இருக்கிறதா என்றால், இல்லை. 1984இல் நிறைமாதப் பிள்ளைகளுக்கு இருந்த நிலை இது.

குளிரை அப்படியே இவர்களுக்கும் கொடுத்துப் பார்க்கலாமே என்று கேட்டால், அண்மையில் அமெரிக்காவில் 33 முதல் 35 கிழமையில் பிறந்து மூளை பாதிக்கப்பட்ட குழந்தைகளில் அந்தச் சோதனையையும் செய்தார்கள். இறப்போ இயலாமையோ குறையவில்லை. சில்வர்மனின் இன்கியூபேட்டர் இன்னும் பேசுகிறது.

எங்கட பக்கத்துக்கும் இந்தக் கதை வந்தது. இம்பீரியல் கொலிஜின் சுதின் தய்யிலின் தலைமையில் ஹீலிக்ஸ் என்ற சோதனை 2015 முதல் 2019 வரை இந்தியா, இலங்கை, பங்களாதேஷ் ஆஸ்பத்திரிகளில் நடந்தது. 408 குழந்தைகள். குளிரூட்டலோடு காந்த ஒத்திசைவு அளவீடும் திட்டத்தில் இருந்தது. தலமஸில் உள்ள என்.ஏ.ஏ. அளவைக் கொண்டு பிள்ளையின் எதிர்காலத்தை மிகத் துல்லியமாகச் சொல்லலாம் என்று 2019இல் 223 குழந்தைகளில் காட்டியதும் தய்யிலின் குழுதான். கருவி, முறை, ஆள் எல்லாம் சரி. ஹீலிக்ஸின் முடிவு 2021இல் வந்தது. குளிரூட்டப்பட்டவர்களில் 42 சதவீதம் இறந்தார்கள், குளிரூட்டப்படாதவர்களில் 31 சதவீதம். லண்டனில் பிள்ளையைக் காப்பாற்றிய அதே சிகிச்சை இங்கே கூடுதலான உயிர்களை எடுத்தது. எங்களைப் போன்ற நாடுகளில், நல்ல தீவிர சிகிச்சைப் பிரிவு இருந்தாலும், இதைக் கொடுக்கவேண்டாம் என்று ஆய்வாளர்களே எழுதினார்கள். ஏன் என்பது இன்னும் விவாதத்தில். பலர் கை நீட்டுவது பிரசவ நேரத்துக்கு முந்திய காலத்தை: தாயின் சாப்பாடு, தொற்று, வயிற்றுக்குள்ளேயே நெடுநேரம் நீண்ட ஒட்சிசன் குறைவு. திணறல் பிரசவத்தில் திடீரென்று வந்திருந்தால்தான் 6 மணித்தியால இடைவெளிக்கு அர்த்தம் உண்டு. அதற்குப் பல நாள் முன்னமே தொடங்கியிருந்தால் அந்த இடைவெளி பிள்ளை பிறக்க முன்னமே கடந்துபோயிருக்கும்.

1983ஆம் ஆண்டுக் கட்டுரையின் ஆசிரியர் பட்டியலில் ஏ.எம். கொஸ்டெல்லோ என்று ஒரு பெயர் இருக்கிறது. அந்தோனி கொஸ்டெல்லோ அந்தக் காந்தத்தை விட்டு நேபாளம் போனவர். 2004இல் அவரும் நேபாள ஆய்வாளர்களும் மக்வான்பூர் மாவட்டத்தைப் பற்றி எழுதினார்கள், அதே லான்செட்டில். ஊர்ப் பெண்களை மாதம் ஒருமுறை கூட்டி, கர்ப்பத்திலும் பிரசவத்திலும் வருகிற சிக்கல்களைப் பற்றித் தங்களுக்குள் கதைக்கவைத்தார்கள். கூட்டியதும் உள்ளூர்ப் பெண் ஒருவர்தான், டொக்டரோ தாதியோ இல்லை. கூட்டங்கள் நடந்த ஊர்களில் பிறந்து ஒரு மாதத்துக்குள் இறக்கும் குழந்தைகளின் வீதம் மற்ற ஊர்களைவிட 30 சதவீதம் குறைவாக இருந்தது.